முன்வாசலில் கிடந்த சப்பாத்து

லாங்கன்தால்,
ஜனவரி, ஞாயிறு மாலை

அன்புள்ள துஷாந்தன் அண்ணாவுக்கு,

கோயில் வாசலில் காத்து நின்றவர்களிடம், அப்பா உள்ளே இல்லை என்று இன்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், அவர்கள் சண்டைக்கு வரவில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. அது உங்களைப் பற்றியது. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் மெல்பேர்ணுக்கு முத்திரை ஒட்டுகிறேன்.

மதுஜாவும் அவளோடு கோயிலில் தமிழ் படிப்பிக்கும் பிள்ளைகளும் சில தாய்மாரும், மத்தியானப் பூசை முடிந்ததும் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். கோயில் நிர்வாக சபையில் இங்கே சுவிஸில் பிறந்தவர்களுக்கு இரண்டு இடம், பெண்களுக்கு ஓர் இடம். கேட்க வந்தது அவ்வளவுதான். கல்யாணத்துக்குச் சொல்ல வருவதுபோல் தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், அதன்மேல் மனு.

ஆனால் செயலாளர் குகதாசன் மாமா முந்திவிட்டார். "அண்ணை, பொடியள் குழப்பம் பண்ண வாறாங்கள், நீங்கள் பின்னால போங்கோ" என்று அப்பாவை மடைப்பள்ளிக் கதவால் காருக்கு அனுப்பினார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். இருபது வருடத் தலைவர், வெறும் காலுறையோடு பனியில் கால் வைத்துப் போனார்.

சப்பாத்து முன்வாசலிலேயே கிடந்தது. அதை நம்பித்தான் எல்லோரும் நின்றார்கள். "அங்கிளின்ர சப்பாத்து கிடக்குது, உள்ளதான் இருக்கிறார்" என்றாள் மதுஜா. "சாமியோட இவ்வளவு நேரம் என்ன மீட்டிங்கோ" என்று ஒரு தாய் பகிடி விட, சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றது. வாசலிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்றான் ஒருவன். வெற்றிலைத் தட்டைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் எப்படி வைப்பது? திருப்பிக் கொண்டு போனார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் எழுதிக்கொண்டிருப்பது ரஷ்யாவின் கடைசி அரசரைப் பற்றி. 1905இல், இதேபோல் ஒரு ஜனவரி ஞாயிறு, தொழிலாளர்கள் சாமிப் படங்களையும் அரசரின் படத்தையும் ஏந்தி, மனுவோடு அரண்மனைக்கு நடந்தார்கள். அவர் அங்கே இருக்கவில்லை. சிப்பாய்கள் இருந்தார்கள், சுட்டார்கள். அப்பாவை அவரோடு ஒப்பிடுவது பாவம், தெரியும். ஆனால் எட்டு வருடம் கழித்து, வம்சத்தின் முந்நூறாம் ஆண்டு விழாவில் கூடிய கூட்டத்தைப் பார்த்து, சனம் இன்னும் தன் பக்கம்தான் என்று அந்த அரசர் நம்பினார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்கிறது: "தேர் இழுத்த சனத்தைப் பார்த்தனியோ? அவ்வளவும் எங்கட சனம்."

சப்பாத்தை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அவருடைய காலுக்குச் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா பையைப் பார்த்தார். "மார்ச் பொதுக்கூட்டத்தில சொல்லிப்போடுவன், எனக்குப் பிறகு துஷாந்தன் வருவான்" என்றார்.

நீங்கள் திரும்பி வரப்போவதில்லை. அதை நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அந்த அரசர் முடி துறந்தபோது, நோயாளி மகனைப் பிரிய மனமில்லாமல் மகனுக்கும் சேர்த்தே துறந்தார். நம் வீட்டில் மகன் முந்த வேண்டும், அண்ணா. "நான் வரமாட்டன் அப்பா, அந்த இடத்தைப் பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்று ஒரு தரம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவர் கொடுத்தவராக இறங்குவார். மற்றவர்கள் சொன்னால் பறிகொடுத்தவராக. இன்னும் நேரம் இருக்கிறது. அப்பாவுக்குப் போன் எடுத்துக் கதையுங்கள்.

உங்கள் சுகத்துக்கு அம்மா வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறார். நன்றாக இருங்கள்.

அன்புத் தங்கை
கிருசிகா

லாங்கன்தால்,
மார்ச், திங்கள்

அண்ணா,

நேற்றுப் பொதுக்கூட்டம் நடந்தது. அதுவரை உங்கள் அழைப்பு வரவில்லை. அப்பா எழுந்து உங்கள் பெயரைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. இந்த முறை யாரும் தட்டுக் கொண்டுவரவில்லை. மதுஜாவின் பெயருக்குக் கையை மட்டும் உயர்த்தினார்கள், குகதாசன் மாமாவும்தான். அவள்தான் இப்போது தலைவி.

அப்பா முன்வாசலால் வந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, என்னோடு வீட்டுக்கு நடந்தார்.