பாட்டில் இல்லாத பெயர்

தூத்துக்குடி
அக்டோபர் 12

அன்புள்ள பாஸ்கல் அண்ணனுக்கு,

தங்கை சண்முகசுந்தரி எழுதுவது. நானும் உங்கள் நண்பரான என் வீட்டுக்காரரும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட்டில் இப்போது வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து போன் வந்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் தருவைகுளத்துக்குப் போய் உங்கள் அம்மாவிடம் முகவரி வாங்கி வந்து எழுதுகிறேன்.

முதலில் ஜெபசெல்வி விஷயம். இவருடைய புதுக் குழுவில் அவள் கீபோர்டு வாசிப்பது தெரிந்ததும் கூடப்பிறந்தவளிடமும் பேச்சை நிறுத்திவிட்டீர்களாம். அவளைக் கோபிக்காதீர்கள் அண்ணா. நீங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய ‘கச்சான்’ குழு உடைந்த பிறகு இவர் கிதாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. மாமாவின் இரும்புக் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக் கொடுத்தார். கடைக்கு வருகிறவர்கள், “அண்ணாச்சி, நீங்க கச்சான் செந்தில்வேல்தான?” என்று கேட்டால், “அது வேற ஆளு” என்பார். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் ரெக்ஸ்தான் ஒவ்வொரு ஞாயிறும் வந்து இழுத்து, லாரி ஷெட்டில் தன் டிரம்ஸ் முன்னால் உட்கார வைத்தான். அதன் பிறகுதான் ஜெபசெல்வி வந்தாள். “அம்மாட்ட கேட்டியா?” என்பதுதான் இவர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி. கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஷெட்டில் எல்லாம் புதுப் பாட்டுகள்தான். ரெக்ஸ் ஒருநாள் மறதியாக, அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய பாட்டின் தாளத்தை அடித்துவிட்டான். இவர் கிதாரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு அதோடு ஒத்திகை முடிந்தது.

பெங்களூரில் நீங்கள் பாட்டின் நடுவே பேஸ் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனபோது முன்வரிசையில் நானும் இருந்தேன். எனக்குக் காரணம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துதான் இவர் சொன்னார். சங்கு குளிக்கப் போய்த் திரும்பாத அப்பாவை, பாட்டின் கடைசியில் ‘சவரிமுத்து, சவரிமுத்து’ என்று பெயர் சொல்லி அழைத்து எழுதியிருந்தீர்கள். யாருக்கும் புரியாது என்று பாட்டை வெளியிட்ட கம்பெனிக்காரர்கள் அந்தப் பெயரை வெட்டச் சொன்னார்கள். உங்களைக் கேட்காமல் இவர் தலையாட்டினார். ஊரெல்லாம் பாடியது அந்தப் பெயர் இல்லாத பாட்டைத்தான்; அன்று பெங்களூர்க் கூட்டம் பாடியதும் அதைத்தான். இவர் பக்கம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் இங்கே ஒரு கல்லூரி மைதானத்தில் புதுக் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. நடத்தியவர்கள் பிளக்ஸில் ‘கச்சான்’ என்று பெரிதாகப் போட்டு, அடியில் இவர் பெயரைச் சின்னதாகப் போட்டிருந்தார்கள். இவர் ஏணி போட்டு ஏறி, தானே அதை அவிழ்த்தார். ஆனாலும் வந்த கூட்டம் கச்சானுக்காக வந்த கூட்டம். மூன்றாவது பாட்டிலேயே அப்பா பாட்டைக் கேட்டுக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். இவர் வாசிப்பதை நிறுத்தினார். பிறகு மைக்கில், “அந்தப் பாட்ட நான் பாட முடியாது. அது பாஸ்கலுக்க பாட்டு. அதுல அவுக அப்பா பேரு இருந்துச்சு. நான்தான் எடுக்கவிட்டேன்” என்றார்.

கூட்டம் ஊளையிட்டது. மேடையில் தண்ணீர் பாட்டில்கள் வந்து விழுந்தன. பாதிப் பேர் எழுந்து போனார்கள். ஜெபசெல்விக்குக் கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் கை நிற்கவில்லை. மீதிப் பாட்டுகளைக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடி முடித்தார்கள்.

போகாமல் உட்கார்ந்திருந்தவர்களில் உங்கள் அம்மாவும் ஒருவர். மகள் வாசிப்பதைப் பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். இவர் கீழே இறங்கியதும் எதிரே வந்து நின்று, “ஏலே செந்திலு, மேடையில சொன்னத வீட்டுக்கு வந்து சொல்லக்கூடாதால?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு இருவரும் தருவைகுளம் போனோம். அம்மா சாளை மீன் குழம்பு வைத்திருந்தார். இவர் உங்கள் அப்பா படத்தைப் பார்த்தபடி நின்றாரே தவிர, வாய் திறக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டு, “சாப்பிடுலே, ஆறிப்போவுது” என்றார். சாப்பிட்டார். திரும்பி வரும்போது உப்பளத்துப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு அழுதார். நான் பின்னால் உட்கார்ந்தே இருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் எழுதுவது இவருக்குத் தெரியும். நீங்களும் ரெண்டு வரி எழுதுங்களேன் என்று பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றவர், “பேஸ் கிதாருக்கு நாங்க யாரையும் போடலன்னு எழுது” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அப்பாவுக்குக் கல்லறை இல்லாததால் அம்மா வழக்கம்போலக் கடற்கரையில்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார். இந்த வருஷம் தானும் வருவதாக இவர் சொல்லியிருக்கிறார். அங்கே அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் மட்டும் கையை வைத்து மறைத்தால் சுடர் நிற்காது அண்ணா. லீவு கேட்டுப் பாருங்கள்.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

நீங்கள் வருவீர்கள் என்று நம்பும் தங்கை,
சண்முகசுந்தரி