அட்டை நனையவில்லை

3 ஜூன் 2024, திங்கள்
காலை ஆறு மணிக்குக் கடை வேனின் முன்மூடியைத் திறந்தேன். இஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் பாட்டிலில் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நிரப்பியது. போன மாதம் பதினாறாம் தேதி முதல் இப்படித்தான். அதற்கு முன் ஒரு நகக்கண் அளவுகூட இறங்கியதில்லை.

சூப்பர்வைசர் சிதம்பரநாதனிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு வாரத்துல மூணு கேன் காலி. எங்கவே கொண்டுபோயி விக்கீரு?" என்றார். புடவை எடுக்க வந்த பெண்கள் முன்னால்!

பத்தொன்பது வருடமாக இந்தத் தி.நகர் ஜவுளிக்கடையில் வண்டி கழுவி, எண்ணெய் தண்ணீர் பார்க்கிறேன். ஒரு குண்டூசி எடுத்ததில்லை. "எந்தத் தேதில எவ்ளோ எறங்குச்சுன்னு சொல்றேன், கேளு சார்" என்றேன். "வாயால சொன்னா ஆச்சா? எழுதி வச்சிருக்கீரா?" என்று சிரித்தார். எனக்கு எழுதப் படிக்க வராது என்று தெரிந்தே கேட்டார்.

இதோ. நான் சொல்லச் சொல்ல மருமகள் அன்புக்கரசி எழுதுகிறாள்.

5 ஜூன், புதன்
வேனுக்கு அடியில் புடவைப் பெட்டி மூடிகளை விரித்துவிட்டு வந்தேன். வெள்ளை அட்டை. ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்.

6 ஜூன், வியாழன்
அட்டை நனையவில்லை. பாட்டிலில் ஒன்றரை விரல் இல்லை.
கீழே ஒழுகவில்லை என்றால் எங்கே போகிறது? நான் குடித்தேனா?

8 ஜூன், சனி
டிரைவர் பிரபு ஸ்டார்ட் செய்தபோது சைலன்ஸர் பக்கம் நின்றேன். வெள்ளைப் புகை. இஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை. முகர்ந்தேன் — பாகு காய்வது போலத் தித்திப்பு வாசனை. கூலண்ட் வாசனை அது. வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"இது உள்ளயே குடிக்குதுப்பா" என்றேன்.
"வண்டி குடிக்குதோ இல்லியோ நைனா, நீ குடிக்கிறன்னு கடை பூரா பேசிக்கினு கீறாங்க" என்று சிரித்தான். சிரிக்கிற விஷயமா இது?

11 ஜூன், செவ்வாய்
கூலண்ட் கேன்களைச் சூப்பர்வைசர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். "இனி போர் தண்ணிய ஊத்தும். அத எவன் திருடுதான்னு பாப்போம்."

அந்த போர் தண்ணீரில் டீ போட்டால் பால் திரியும். பக்கெட்டில் வெள்ளையாய் உப்புப் படிகிறது. "சார், அது இரும்பத் தின்னுடும்" என்றேன். "பெரிய இஞ்சினீயரு! ஊத்தச் சொன்னா ஊத்தும்வே."

பிரபுவைச் சாட்சிக்கு நிறுத்தி ஊற்றினேன். அன்பு, இதைப் பெரிய எழுத்தில் எழுதும்மா.

15 ஜூன், சனி
கோட்டூர்புரம் பாலத்தில் வேன் கொதித்து நின்றுவிட்டது. உள்ளே முகூர்த்தப் புடவைகள். அடையாறில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள். ஆட்டோவில் மாற்றி அனுப்பினார்களாம். முதலாளிக்கு மானம் போயிற்று.

"கெழவன் தண்ணி பாக்கல" என்று சிதம்பரநாதன் அவரிடம் சொல்லியிருக்கிறார். திங்கள் முதல் நான் வர வேண்டாமாம். திருடன் ஆனேன், இப்போது சோம்பேறியும் ஆகிவிட்டேன். அடப்பாவி! நாக்குல நரம்பே இல்லியா உனக்கு?

18 ஜூன், செவ்வாய்
நேற்று பக்ரீத். இன்றுதான் மெக்கானிக் அப்துல் கய்யூம் வண்டியைப் பிரித்தார். யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். முதலாளியும் வந்திருந்தார்.

இஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று கய்யூம் சோதித்தார். அதில் குறையில்லை. "வேற இன்னா பாத்தே நைனா?" என்று என்னைக் கேட்டார். காய்ந்த அட்டை, வெள்ளைப் புகை, தித்திப்பு வாசனை — தேதியோடு சொன்னேன். உடனே இஞ்சின் பக்கவாட்டில் ஒரு பெட்டியைக் கழற்றினார். இ.ஜி.ஆர். கூலராம். இஞ்சின் விடும் புகையில் கொஞ்சத்தை ஆறவைத்துத் திரும்ப உள்ளே அனுப்புவது. புகை போகும் துளைகளில் கரி சேறாக ஈரமாயிருந்தது.

"உள்ள வெடிச்சிகீது. கூலண்டு புகையோட கலந்து சைலன்ஸர் வழியா போய்க்கினு இருந்திருக்கு. கீழ எப்டி சொட்டும்? சின்ன வெடிப்புதான். உப்புத் தண்ணி ஊத்தி அரிக்க வுட்டது யாரு?"

முதலாளி என்னைப் பார்த்தார்.
"எழுதி வெச்சிகீறேன் மொதலாளி."
"நோட்டைக் கொண்டாங்க" என்றார்.

19 ஜூன், புதன்
காலையிலேயே சிதம்பரநாதன் எங்கள் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. "அந்தப் பதினொண்ணாந்தேதிப் பக்கத்த மட்டும் கிழிச்சிரும் பெரியவரே."

"கிழிக்கறதில்ல சார். வேணும்னா ஒண்ணு சேத்துக்கலாம். நான் திருடலன்னு உன் கையால எழுது."

எழுதினார். "போதுமாவே?" நோட்டை அன்புவிடம் நீட்டினேன். அவள் உரக்கப் படித்தாள்: "கூலண்ட் விஷயத்தில் தவறுதலாகப் பேசப்பட்டது."

யார் பேசியது? யாரை? எனக்கு எழுத்துதானே தெரியாது, சூது தெரியாதா? அந்த வரியை அடிக்கச் சொல்லி மறுபடி எழுத வைத்தேன். கீழே இருப்பது அன்பு எழுத்தல்ல, அவர் எழுத்து.

நாகராஜ் கூலண்ட் திருடவில்லை. போர் தண்ணீர் ஊற்றச் சொன்னது நான். — சிதம்பரநாதன்

24 ஜூன், திங்கள்
புதுக் கூலர் மாட்டி மூன்று நாள். பாட்டில் அதே கோட்டில் நிற்கிறது. இருந்தாலும் வேனுக்கு அடியில் அட்டை விரிப்பதை நான் விடவில்லை. நோட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்ட முதலாளி என்னை மறுபடி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்; கேன் அறைச் சாவி இப்போது என் இடுப்பில்.

சிதம்பரநாதன் தன் காருக்கு ஒரு கேன் கேட்டு வந்தார். நோட்டையும் பேனாவையும் நீட்டினேன். தேதி போட்டு, பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போனார்.

அட்டை நனையவில்லை.