ஜமுக்காளத்தில் அம்மா

மடுல்சீமை
14.6.1959

அன்பு மகள் ஞானேஸ்வரிக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் அம்மாவும் நானும் நல்ல சுகம், கொழும்பில் ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குப் படிக்கும் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறோம். மழை விட்டபாடில்லை, பதுளை பஸ்ஸும் ஒழுங்காக வருவதில்லை, அதனால்தான் கடிதம் சுணங்கியது. அதை விடு, சேதி என்ன தெரியுமா? உன் அம்மா தோட்டப் பஞ்சாயத்தில் உட்கார்ந்துவிட்டாள்! எழுதும்போதே மெய் சிலிர்க்கிறது பிள்ளை.

பஞ்சாயத்தில் ஐந்தாவது ஆளாக இருந்த சின்னையா தவறிப்போனது உனக்குத் தெரியும். மேல் லயத்து வரிசை வீட்டு அங்கம்மாவைப் புருஷன் அடிக்கிறான் என்று முன்பே இரண்டு தடவை வழக்கு வந்தது. வழக்கப்படி அவள் முக்காடு போட்டுத் தூரத்தில் நிற்க, அண்ணன்காரன் அவளுக்காகப் பேச, சேர்ந்து வாழச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை அவளுக்குக் கை முறிந்துவிட்டது. பஞ்சாயத்து ஜமுக்காளத்தில் ஒரு பொம்பளையாவது உட்கார்ந்தால்தான் வருவேன், இல்லையென்றால் என் பொணம்தான் வரும் என்று சொல்லியனுப்பினாள். தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லாரும் உன் அம்மா பேரைச் சொன்னார்கள்.

அப்புறம் கோயில் வாசலில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தலைவர் வீரமலைக் கங்காணி, பாக்கியலெட்சுமிக்கு என்னா ஞாயம் தெரியும் என்றார். பொம்பளை மனசு எளகிரும் என்றார் ஒருவர். கோயில் வாசல்ல எல்லா நாளும் ஒக்கார முடியுமா என்றார் இன்னொருவர். சின்னையாவைப் பஞ்சாயத்தில் சேர்த்தபோது இப்படி ஒரு கேள்வியும் வரவில்லை, அந்த மனுஷன் பாதி வழக்கில் குறட்டை விடுவார், பாவம். கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பி, கணக்கப்பிள்ளை ஐயா, ஒங்களுக்குச் சம்மதங்களா என்றார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமினேன். அதற்குள் அம்மா எழுந்து, ஒக்காரப் போறது நானு, என்னையக் கேளுங்க, நீங்க தலைவரான அன்னைக்கு ஒங்க வீட்டு அக்காகிட்ட யாராச்சும் சம்மதம் கேட்டாங்களா, மத்த கேள்விக்கும் மொதல்ல நீங்க நாலு பேரும் பதில் சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன் என்றாளே பார்க்கலாம்! பின்னாலிருந்து வீரமலையின் பெண்சாதியே சிரித்துவிட்டார். தலைவர் வேறென்ன செய்வார், நகர்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்ததும் அம்மா அண்ணன்காரனை நிறுத்திவிட்டு அங்கம்மாவையே முன்னால் கூப்பிட்டாள். அவள் பேசினாள். தினம் காலையில் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவன் நான், அவள் குரல் இப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கனத்த, நடுங்காத குரல். அவள் முடித்தபோது முதலில் கண்ணைத் துடைத்தது உன் அம்மா இல்லை, வீரமலைக் கங்காணி! அங்கம்மா தாய் வீட்டிலேயே இருக்கலாம், புருஷன் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று ஐந்து பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அம்மா ரொட்டி சுட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்னா பார்வை, தண்ணியக் கொண்டாங்க என்று ஏசினாள். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.

மழையில் நனையாதே, தலைக்கு எண்ணெய் வை. அங்கே யாராவது, உங்கப்பாவுக்குச் சம்மதமா என்று உன்னைக் கேட்டால், அம்மா சொன்னதையே நீயும் சொல்லு. மாரியம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
பாக்கியலெட்சுமியின் புருஷன்,
உன் அப்பா
சிவசுப்பிரமணியம்