ஒரு சங்குப் பால்

14-6-2012, வியாழன்

மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. நானே போய்த் திறந்துவிட்டால்தான் உண்டு போலிருக்கிறது. குறுவை இல்லையென்றால் அறுவடை மெஷினுக்கு வேலை ஏது, மெஷின் பிடித்துக் கொடுக்கிற எனக்குத்தான் வேலை ஏது? ஆனாலும் கண்ணுசாமி டீக்கடையில் தெம்பாகவே உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூர் ஏர்போர்ட்டில் மூன்றாவது கட்டடத்துக்கு நான் கம்பி கட்டிய கதையைச் சொன்னேன். போன மாதம் இரண்டாவது கட்டடம் என்று சொன்னேனாம், செல்லதுரை குறுக்கே விழுந்தான்.

"ரெண்டையும் சேத்து வச்சதே நாந்தாண்டா" என்றேன். வாயடைத்துப் போனான்.

இல்லை, சிரித்தான். டைரியில் மட்டும் பொய் எழுதக்கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன்.

16-6-2012, சனி

பூர்ணிமா வந்தாள். அக்கா பூவம்மாளின் ஒரே மகள். அவள் புருஷன் ராஜராஜன் ஐந்து வருஷம் துபாயில் இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் மறுபடி போவதற்காகத் திருச்சிக்கு மெடிக்கல் எடுக்கப் போனான். போனவன் அப்படியே ஊரில் தங்கி மினி லாரி ஓட்டுகிறான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் நான் சும்மா இருப்பேனா? அங்கே ஒரு சூப்பர்வைசரைத் தூக்கிப் போட்டு மிதித்துவிட்டான், இனி அந்த நாட்டு மண்ணை மிதிக்க விடமாட்டார்களாம் என்று நான்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

இன்று அவள் நேராகச் சொல்லிவிட்டாள்.

"மாமா, அவருக்கு மெடிக்கல்ல அன்ஃபிட். எச்.ஐ.வி. அப்புறம் எனக்கும் பாத்தாங்க, எனக்கும் இருக்கு. ரெண்டு வருஷமா தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரில மாத்திரை வாங்கிச் சாப்பிடுறோம். நல்லாத்தான் இருக்கோம். இப்ப ரெண்டு மாசம் முழுகாம இருக்கேன்."

அரை நிமிஷம் எனக்கு வார்த்தை வரவில்லை. எனக்கு!

அவர் வாரத்தில் பாதி நாள் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விடுகிறார், அம்மாவுக்குத் தெரிந்தால் பயத்திலேயே படுத்துவிடும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு நீங்கள் வர வேண்டும் என்றாள்.

"ஏண்டி, ஊர்ல இத்தனை பேர் இருக்கயில எங்கிட்டயா வந்து சொல்றே? என் வாய் எப்பேர்ப்பட்ட வாய்னு தெரியாதா?"

"தெரியும் மாமா. அதான் உங்ககிட்ட சொல்றேன். நீங்க வாய் தவறிச் சொன்னாக்கூட ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை. கண்ணில் தூசி.

போகும்போது இன்னொன்று சொன்னாள். "நீங்க விட்ட அந்த சூப்பர்வைசர் கதைதான் மாமா இத்தனை நாளா எங்களைக் காப்பாத்துது. அதைக் கேட்டப்புறம் ஒருத்தரும் வேற எதுவும் கேக்கலை."

என் பொய்க்கு முதன்முதலாக ஒருவர் நன்றி சொல்லியிருக்கிறார்.

17-6-2012, ஞாயிறு

டீக்கடைக்குப் போகவில்லை. வாயை நம்பி வெளியே போக முடியாது.

21-6-2012, வியாழன்

தஞ்சாவூர். அக்காவிடம் ஸ்கேன் என்று சொல்லிப் பூர்ணிமாவைக் கூட்டிப்போனேன். உள்ளே நுழையும்போது தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல இருந்தார்கள். ஒரு பெண் காலேஜ் புத்தகம் படித்துக்கொண்டிருந்தது. ஒருவர் பேப்பரில் சுடோகு போட்டுக்கொண்டிருந்தார். நோயாளி மாதிரி இருந்தது துண்டு போட்ட நான் ஒருவன்தான். எடுத்துவிட்டேன்.

ஆலோசனை சொல்கிறவர் பெயர் சஃபியா. சின்ன வயசு, பொறுமையான பேச்சு. இந்தக் கிருமி மற்ற நோய் வராமல் காக்கிற வெள்ளை அணுக்களைத்தான் முதலில் அடிக்குமாம்.

"காவக்காரனை அடிச்சுப் போட்டுட்டு வயல்ல மாட்டை விடுற மாதிரி" என்றேன்.

"அதேதான் ஐயா! இனிமே நானும் இப்படியே சொல்றேன்."

அரசாங்க ஆஸ்பத்திரிக்கே நான் பாடம் எடுத்தேன் என்று எழுதலாம். பொய் ஆகாது.

ஒரே மாத்திரையில் மூன்று மருந்து, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. கிருமி ஒரு மருந்துக்குத் தப்பினால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். ஒருவேளை விட்டாலும் அதற்கு இளக்காரமாகிவிடும், மருந்துக்குப் பழகிவிடும். அடியோடு ஒழிக்க இன்னும் மருந்து இல்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தலையெடுக்காமல் அமுக்கி வைக்கலாம்.

போன வருஷம் வந்த ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். ஒன்பது நாட்டில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ஜோடி. ஒருவருக்குக் கிருமி உண்டு, மற்றவருக்கு இல்லை. "சீக்கிரமே மாத்திரை ஆரம்பிச்சவங்ககிட்டேருந்து ஜோடிக்குத் தொத்துறது நூத்துக்குத் தொண்ணூத்தாறு பங்கு குறைஞ்சுபோச்சு. நம்ம நாட்டு ஜோடிகளும் அதுல இருந்தாங்க ஐயா." ஆக, சாப்பிடுகிறவரைக் காக்கிற மாத்திரையே பக்கத்தில் இருப்பவரையும் காக்கிறது. இதைக் கண்டுபிடித்தவனுக்கு என் செலவில் சாப்பாடு போடலாம்.

பிறகு நான் கேட்க நினைத்து வாய் வராமல் இருந்ததை அவரே சொன்னார். "மருந்தே இல்லேன்னா நூறு பிள்ளைல முப்பது முப்பத்தஞ்சு பிள்ளைக்குப் போகும். அம்மா ஒழுங்கா சாப்பிட்டு, பிள்ளைக்கும் சொட்டு மருந்து குடுத்தா அஞ்சுக்கும் கீழ."

அடுத்துத் தாய்ப்பால் கொடுக்கிற விஷயத்தை ஆரம்பித்தார். பெண்கள் சமாசாரம். நாகரிகம் தெரிந்தவன் என்பதால் எழுந்து வெளியே வந்து செக்யூரிட்டியிடம் சிங்கப்பூர் கதை சொன்னேன். நல்ல மனுஷன், முழுசாகக் கேட்டார்.

5-9-2012, புதன்

டீக்கடையில் செல்லதுரை கேட்டான். "என்னண்ணே, மாசாமாசம் தஞ்சாவூர் போறியாமே? என்ன விஷயம்?"

தொண்டை வரை வந்துவிட்டது. ஒன்பது நாட்டு ஆராய்ச்சி! தொண்ணூற்றாறு பங்கு! இந்தக் கடையில் ஒருத்தனுக்காவது தெரியுமா? விழுங்கினேன். யுனிவர்சிட்டியில் நெல் ஆராய்ச்சிக்கு என்னிடம் யோசனை கேட்கிறார்கள் என்றேன்.

"உங்கிட்டயா?" என்றான் கண்ணுசாமி. அடுப்படியிலிருந்தே சிரித்தான்.

நம்பவில்லை. நல்லது.

10-11-2012, சனி

என் போனில் காலை எட்டு, ராத்திரி எட்டு அலாரம். அடித்ததும் பூர்ணிமாவுக்கு மிஸ்டு கால். எடுக்காமல் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மாத்திரை உள்ளே போயிற்று என்று அர்த்தம். இதுவரை ஒரு வேளை தப்பவில்லை. பால்காரன்கூட இவ்வளவு ஒழுங்கில்லை.

23-1-2013, புதன்

பெண் குழந்தை! விடியற்காலை நாலே கால். இரண்டு கிலோ எழுநூறு. மூக்கு என் மூக்கு.

சம்பா காய்ந்துபோய் ஊரே தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறது. நான் ஒருவன் மட்டும் வார்டு வாசலில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். ராஜராஜன் லாரியை நிறுத்திய இடம்கூடத் தெரியாமல் ஓடிவந்தான். குழந்தையைத் தூக்கப் பயந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான்.

மத்தியானம் பூர்ணிமா அசந்து தூங்கும்போது அக்கா, "பிள்ளை நாக்குல சேனை வைக்கணும்டா துரைராசு. யாரு வைக்கிறாங்களோ அவங்க குணம் வருமாம். நீயே வையி. உன் பொய்யி வேண்டாம், தெம்பு மட்டும் வரட்டும்" என்றது. இதற்காக ஆறு மாதமாகக் காத்திருந்தேன். வெளியே போய் நல்ல பசும்பாலாக வாங்கிக் காய்ச்சி, சர்க்கரை போட்டு ஆற்றி, நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். சப்புக்கொட்டியது! ஒரு சொட்டுடன் நிறுத்தியிருக்கலாம். நான் என்றைக்கு எதை அளவோடு நிறுத்தினேன்? ஒரு சங்கு முழுவதும் புகட்டினேன். அதற்கு மேல்தான் அழகாகத் தூங்கியது.

இன்றைக்கு ராஜா நான்தான்.

24-1-2013, வியாழன்

சஃபியா வார்டுக்கு வந்தார். அக்கா குளிக்கப் போயிருந்த நேரம். பூர்ணிமாவிடம் மறுபடி ஞாபகப்படுத்தினார்: "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணி, மாட்டுப்பால், கிரைப்வாட்டர், வெறும் தண்ணிகூடக் கூடாது. மத்தது கலந்து குடுத்தா பிஞ்சுக் குடல் உள்ள புண்ணாகும். தாய்ப்பால்ல மிச்சம் மீதி கிருமி இருந்தா அது வழியாத்தான் நுழையும். கலந்து குடுக்கறதுதான் இதுல பெரிய ஆபத்து."

"ஜூன் மாசமே சொன்னீங்களே, ஞாபகம் இருக்கு" என்றாள் பூர்ணிமா.

ஜூன் மாதம் நான் வெளியே செக்யூரிட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அடப்பாவி துரைராசு. என்ன காரியம் பண்ணித் தொலைச்சே? நூத்துக்கு அஞ்சுன்னாங்களே— அந்த அஞ்சுல கொண்டுபோய்த் தள்ளிட்டியா? ஏழு மாசம் வேளை தப்பாம முழுங்கினா அந்தப் பொண்ணு. ஒரு சங்குல ஊத்திக் கெடுத்துட்டியா?

பிள்ளை தூங்குகிறது. என்னை நம்பித்தான் தூங்குகிறது போலிருக்கிறது.

25-1-2013, வெள்ளி

சொல்லிவிட்டேன். வராண்டாவில் சஃபியாவும் பூர்ணிமாவும் இருக்கும்போது, நின்றபடியே. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. எத்தனை சங்கு, என்ன பால், எத்தனை மணி.

பூர்ணிமா சுவரையே பார்த்தாள்.

சஃபியா சத்தம் போடவில்லை. "ஒரே தடவைதானே ஐயா? இவங்க ரத்தத்துல கிருமி எண்ணிக்கை ரொம்பக் கம்மி. பிள்ளைக்கு மருந்தும் போயிட்டிருக்கு. பயப்படாதீங்க, ஆனா இனிமே ஒரு சொட்டும் வேண்டாம். ஆறு வாரத்துல டெஸ்ட் எடுப்போம். நீங்க மறைக்காம சொன்னீங்க பாருங்க, அது போதும்."

பூர்ணிமா அப்புறம் திரும்பி, "இதையாவது பொய்னு சொல்லித் தொலைங்க மாமா" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு அவளே, "சரி, வீட்டுக்குப் போனா அம்மா கையில சங்கோட நிக்கும். அதுக்கு வழி பண்ணுங்க" என்றாள்.

28-1-2013, திங்கள்

வழி பண்ணியாயிற்று. அக்காவைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, பிள்ளை நாக்கில் ஒரு பொன் ரேகை இருப்பதாகப் பெரிய டாக்டரே மெஷின் வைத்துப் பார்த்துச் சொன்னார் என்றேன். லட்சத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இருக்குமாம். ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறு எது பட்டாலும் ரேகை அழிந்துவிடுமாம்.

"கலெக்டர் ஆகுமாடா?"

"கலெக்டரா? கலெக்டரெல்லாம் இதுக்குக் கதவைத் திறந்துவிடணும்க்கா."

சங்கைக் கழுவித் துடைத்துப் பரணில் போட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி கிரைப்வாட்டர் பாட்டிலோடு வந்தாளாம், வாசற்படி ஏற விடவில்லை.

என் பொய்களிலேயே இதுதான் ஆக உயர்ந்த வேலைப்பாடு.

7-3-2013, வியாழன்

குதிகாலில் குத்தி ஒரு அட்டையில் நாலைந்து சொட்டு ரத்தம் ஒற்றி எடுத்தார்கள். காயவைத்து வெளியூருக்கு அனுப்பிக் கிருமியின் விதையே இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அவ்வளவு சின்ன ரத்தத்தில் அவ்வளவு பெரிய சேதி. பிள்ளை அழுதது. நான் வெளியே போகவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் எழுந்து வெளியே போவதில்லை.

16-3-2013, சனி

சேதி இல்லை. டீக்கடையில் யாரோ எய்ட்ஸ் பற்றி இளப்பமாக ஒரு ஜோக் அடித்தான். நான் சிரிக்கவில்லை. "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றான் செல்லதுரை. பல்வலி என்றேன்.

29-3-2013, வெள்ளி

இல்லை!!! பிள்ளைக்கு இல்லை!

ஆனால் பால் குடி மறந்து, பதினெட்டு மாதம் ஆனபின் இன்னொரு தடவை பார்த்தால்தான் முடிந்த முடிவு என்று சஃபியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் பாதிச் சந்தோஷம். பாதியே இவ்வளவு இருக்கிறது.

2-2-2014, ஞாயிறு

பெயர் மகிழினி, வயது ஒன்று. பால் நிறுத்தியாயிற்று. இரண்டு நாள் ஊரைக் கூட்டியது. பேச்சு இன்னும் வரவில்லை, ஆனால் யாரையும் பேசவிடுவதில்லை. நான் கதை சொன்னால் அதைவிடச் சத்தமாக அதன் பாஷையில் ஒன்று சொல்கிறது. அக்கா என்னை முறைக்கிறது. சேனை யார் வைத்தது என்று அக்காவுக்கு மறக்கவில்லை.

24-7-2014, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ரத்தம். மூன்று விதமாகப் பார்த்தார்கள். ராஜராஜன், பூர்ணிமா, நான், மூன்று பேரும் ஒரே பெஞ்சில். அதே பெஞ்சு. சஃபியா கதவைத் திறந்தபோது முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டேன்.

மூன்றிலும் இல்லை. இனிப் பார்க்க வேண்டியதே இல்லையாம்.

ராஜராஜன் தேம்பித் தேம்பி அழுதான், துபாய் சூப்பர்வைசரை மிதித்த வீரன். பூர்ணிமா என் கையைப் பிடித்து, "ரெண்டு வருஷம் மாமா. ஒருத்தர்கிட்டகூட நீங்க சொல்லலை" என்றாள். எட்டு மணி மிஸ்டு கால் நிற்காது என்றேன். அவர்கள் இருவருக்கும் ஆயுசுக்கும் மாத்திரை உண்டு, என் போனுக்கும் ஆயுசுக்கும் அலாரம் உண்டு.

திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கினேன். வாழை இலையில் சுடச்சுட. சாயங்காலம் நேராகக் கண்ணுசாமி கடை. எல்லோருக்கும் கொடுத்தேன்.

"என்னண்ணே விசேஷம்?" என்றான் செல்லதுரை. "லாட்டரியா? யுனிவர்சிட்டில டாக்டர் பட்டம் குடுத்துட்டாங்களா?"

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது நாடு, மூன்று மருந்து, ஒரு சங்குப் பால், குதிகாலில் நாலு சொட்டு. ஒரு நூலிழைகூடச் சேர்க்கத் தேவையில்லாத கதை என் ஆயுசிலேயே இது ஒன்றுதான்.

"ஒண்ணுமில்லடா. சும்மாதான்" என்றேன்.

கண்ணுசாமி பால் பொங்குவதைக்கூட விட்டுவிட்டு வெளியே வந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான்.