முன்னுக்குப் போகிறவன்

என் அருமை மச்சான் செல்வராசா,

எப்படியடா இருக்கிறாய் என்று கேட்டுத்தான் தொடங்க வருகிறது. செத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? புடையன் பாம்பு கடித்து நீ போனதற்கு என் வாய் இன்னும் பழகவில்லை.

கோப்ரலுக்குரிய உன் இரண்டு கோடுகளையும் என் சட்டைக் கையில் தைத்துவிட்டார்கள். லான்ஸ் கோப்ரலாக உனக்குப் பின்னால் சோம்பலாக நடந்து திரிந்தவனுக்கு இப்போது ஒரு பிரிவே பொறுப்பு. சார்ஜன் லீவில் நிற்கிறார். லெப்டினன்ட் கிளிநொச்சியில், வெள்ளத்துக்கு அந்தப் பக்கம். கேட்டுச் செய்ய ஒரு மனிதர் இல்லை.

இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது. கீழே காட்டுக்குள், மேட்டு நிலத்தில் சில குடும்பங்கள் அகப்பட்டுவிட்டதாகச் சேதி வந்தது. அதில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. அரிசி மூட்டையும் கயிறும் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம். காடு தொடங்கும் இடத்தில், அந்தப் பாலை மரத்தடியில், எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

நீ அங்கே ஒரு இலைக்கொத்து முறித்துப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் கால் வைப்பாய். நான் உன்னை நக்கலடிப்பேன். கோயிற்படி மிதிக்காத எனக்கு அதில் என்ன வேலை? கூடாரம் அடிக்கச் சொல்வதுபோலக் கந்தையாவிடம் சொன்னேன்: "டேய், நீ முறிச்சுப் போடு. நேரம் போகுது."

அவன் அசையவில்லை. ஒருவரும் அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். இவர்கள் வராவிட்டால் அந்தப் பெண்ணை நான் எப்படிக் கொண்டுவருவேன்? கடைசியில் ஜமால்டீன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்.

"கோப்ரல், நான் இதைக் கும்பிடுற ஆளில்லை. ஆனா முன்னுக்குப் போறவர்தான் முறிக்கவேணும். நீங்கள் முறிக்காட்டி, ஆரை நம்பி நாங்கள் உள்ளுக்கு வாறது?"

இன்னொருவனிடம் தள்ளிவிடக்கூடிய வேலை இல்லையாம் அது. முறித்தேன், மச்சான். உள்ளே நுழைந்தபோது எனக்கு முன்னால் உன் முதுகு இல்லை. வெறும் காடும் இடுப்பளவு தண்ணீரும்தான். ஒவ்வொரு புதர்ப் பற்றைக்குள்ளும் புடையன் கிடப்பதாகவே பட்டது. திரும்பிப் பார்க்கவும் பயம், என் முகத்தை அவர்கள் பார்த்துவிடுவார்களே. பின்னால் தண்ணீர் சளசளத்த சத்தத்தை நம்பியே நடந்தேன்.

எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். அந்தப் பெண்ணைக் கதிரையில் இருத்திச் சுமந்தோம். கரையில் இறக்கியபோது அவா கேட்டா: "ஏன் தம்பி உங்கட முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு? நானெல்லோ பயப்பிடவேணும்!"

பின்னேரம் தேத்தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனேன். நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது. என் வாயிலிருந்து சிகரெட்டைப் பறித்துக் குடித்த அதே கந்தையா, தான் இருந்த பெட்டியை விட்டு எழும்பி, "இருங்கோ கோப்ரல்" என்றான். எனக்கு இருக்க மனம் வரவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு வந்து தனியே குடித்தேன்.

உனக்குக் கோடு கிடைத்தபோதும் நாங்கள் இப்படித்தான் எழும்பினோமா? நீ ஏனடா ஒரு வார்த்தை சொல்லவில்லை? அதற்குப் பிறகும் உன்னை மச்சான் என்று கூப்பிட நான் ஒருவன் இருந்தேன். என்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

அடுத்த கோடு கந்தையாவுக்குத்தான் வரும். அன்றைக்கு மற்றவர்கள் எழும்பி நிற்பார்கள். நான் போய் அவன் பக்கத்தில் இருப்பேன். அவன் எழும்பப் பார்த்தால் தோளைப் பிடித்து இருத்தி, "மச்சான்" என்று கூப்பிடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

எத்தனை கோடு வந்தாலும் உன் மச்சான்,
துரைராசா