ஐந்தாவது ஆள் வரவில்லை

1941, தை மாதம், சனிக்கிழமை இரவு

வேடியப்பன் இன்னும் வரவில்லை. நாய் குரைத்தால்கூட எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன்.

இன்று வத்தல்மலை அடிவாரக் காட்டைச் சுற்றிப் பள்ளிகளுக்கான ஓட்டப் பந்தயம். ஒவ்வொரு பள்ளியிலும் ஐந்து பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த பள்ளிக்குக் கோப்பை. ஐவரில் ஒருவன் வராவிட்டாலும் அந்தப் பள்ளிக்குக் கணக்கே கிடையாது.

எங்களில் ஐந்தாவது ஆள் வேடியப்பன். காலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மூச்சு வாங்குதுண்ணா. நான் நின்னுக்கட்டுமா?"

நான்தான் கேப்டன். "நீ வல்லீனா எங்க நாலு பேரு ஓட்டமும் வீண்டா. கடைசியா வந்தாலும் பரவால்ல, எங்கியும் உக்காந்துறாத" என்றேன்.

"சரிங்கண்ணா" என்றான்.

நான் முதலாவதாக வந்தேன். மற்ற மூவரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கோப்பை போகிறதே என்று முதலில் அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. பிறகு பொழுது சாய்ந்துவிட்டது.

டிரில் மாஸ்டரும் வேடியப்பனின் அப்பாவும் அரிக்கேன் விளக்கோடு காட்டுக்குள் போயிருக்கிறார்கள். கிளம்பும்போது அவன் அப்பா என் தோளைத் தொட்டு, "எங்கனா களைச்சு உக்காந்திருப்பான், பயப்படாத தம்பி" என்றார்.

உட்கார்ந்திருக்க மாட்டான். நான் சொன்னதை அவன் இதுவரை தட்டியதே இல்லை.