புகை விட்டீர்களா?

டீச்சர்,

போன வியாழக்கிழமை ஒரு வங்கிக்காரர் என் மருந்துக்கடைக்கு வந்து நிகோடின் சூயிங்கம் கேட்டார். இப்போது அது புதினா வாசத்தில், பழ வாசத்தில் எல்லாம் வருகிறது. மனிதருக்கு அவசரம் போல, அங்கேயே அட்டையைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். புதினாவுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய வாடை வந்தது. மிளகும் புகையிலையும் ஈரத்துணியில் கிடந்த மாதிரி இருக்குமே, அதே வாடை. "மென்னுக்கிட்டே இருக்காதீக, காரம் ஏறுனதும் கன்னத்துல அடக்கிக்கிருங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் போன பிறகு, உங்களுக்கு ஒரு கடிதம் பாக்கியிருப்பது நினைவுக்கு வந்தது. நீங்கள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பதில் போடமாட்டீர்கள். அது எனக்கு ஒரு வகையில் வசதி.

தொண்ணூறுகளின் நடுவில் செக்காலை ரோட்டுச் சந்து ஒன்றில் இருந்த அந்த நெஞ்சு டாக்டரின் ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். டிப்ளமோ முடித்த பார்மசிஸ்ட் என்று போர்டே மாட்டியிருந்தேன். நீங்கள் அந்தப் போர்டைப் படித்துவிட்டு வந்துதான் என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிட்டீர்கள். "என்ன கம்பவுண்டர், இன்னக்கி எத்தன பேருக்கு மிட்டாய் குடுத்தீக?" என்பதுதான் புதன்கிழமை மத்தியானம் உங்கள் முதல் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பினாங்கிலிருந்து டாக்டரின் மைத்துனர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த நிகோடின் சூயிங்கம் அது, மருந்து. மிட்டாயாம்.

நீங்கள் பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். தொண்டைக் கோளாறு வந்து, வகுப்பில் சத்தம் போட்டுப் பாடம் நடத்த முடியாமல் பள்ளிக்கூட வேலையை விட்டவர். உங்கள் குரல் ஒரு மேசைக்கு எதிரே இருக்கிற ஒரே ஒரு ஆளுக்குத்தான் எட்டும். டாக்டர் அதையே ஒரு வேலையாக ஆக்கிக் கொடுத்தார். புகைப்பழக்கத்தை நிறுத்த நினைக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது. புதனும் சனியும், கடைசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த அறையை விட்டால் உங்களுக்குப் பேச வேறு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நீங்களே ஒருநாள் சொன்னீர்கள்: "வீட்டுல சாமான் செட்டோட பேசிக்கிட்டிருந்தேன் கம்பவுண்டர். இப்பத்தான் மனுசங்க கெடச்சிருக்காக."

பேசினால் பீடி நிற்கும் என்பதை நான் நம்பவில்லை. உடம்பு கேட்கிற சாமானை வேறு வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் குறைப்பதுதான் வைத்தியம் என்று நான் பேசுவேன். "உடம்பு கேக்குறது சரி, கையி கேக்குதே, அதுக்கு என்ன குடுப்பீக?" என்பீர்கள். டீ கிளாஸை வைத்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறதாம், அந்தக் கையோடுதான் நீங்கள் பேசுகிறீர்களாம். இந்தச் சண்டை மூன்று மாதம் நடந்தது.

டாக்டருக்கு அந்த அறை எக்ஸ்ரே மெஷின் வைக்கத் தேவைப்பட்டது. மைத்துனரும் எத்தனை தடவை பெட்டியில் அடைத்துக்கொண்டு வருவார்? ஒருநாள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ஆறு மாசம் பார்ப்போம். ஒத்தப்பட டோக்கன் வாங்குறவுகளுக்கு சூயிங்கம் மட்டும். ரெட்டப்பட டோக்கனுக்கு டீச்சர் பேச்சு மட்டும். எதுல பீடி நிக்கிதோ அத வச்சுக்குவோம். இன்னொண்ண நிறுத்திருவோம்." நீங்கள் தலையாட்டினீர்கள். அன்றைக்கு வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டீர்கள்.

இரட்டைப்படைக்காரர்கள் பாடு கஷ்டம். "மருந்து கெடையாதா? வெறும் பேச்சுக்கா பஸ் ஏறி வந்தேன்?" என்று ஒருவர் என் ஜன்னலில் நின்று குதித்தார். நீங்கள் எட்டிப் பார்த்து, "பேச்ச இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள கோவமா? உள்ள வாங்க, உக்காந்து கோவப்படுங்க" என்றீர்கள். கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்று வந்தவரைத் தடுத்தீர்கள். "சத்தியத்த மீறிட்டா அப்புறம் சாமிக்கும் பயந்து ஒளிவீக, எனக்கும் பயந்து ஒளிவீக. சத்தியமெல்லாம் வேணாம். நாளைக்குக் காலையில எந்தப் பீடிய நிப்பாட்டலாம், அத மட்டும் சொல்லுங்க." மருந்து அளக்கிற சாக்கில் இதையெல்லாம் நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஆறு மாதம் கழித்து எல்லோருக்கும் பதில் அட்டை இணைத்த தபால் கார்டு போடுவது என்று முடிவானது. கேள்வியை எழுதுகிற வேலை எனக்கு. "பீடி சிகரெட்டு குடிக்கிறத நிறுத்திட்டீகளான்னு நேராக் கேளுங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் மறுத்துவிட்டேன். கார்டை போஸ்ட்மேன் படிப்பார், வாங்கிக் கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார். 'குடிக்கிறதை நிறுத்திவிட்டீர்களா' என்று இருந்தால் சாராயம் என்றுதான் ஊர் நினைக்கும், குடும்ப மானம் போகும் என்றேன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக நான் எழுதினது இது: 'தாங்கள் புகை விட்டீர்களா? ஆம் / இல்லை.' சுருக்கமாக, கௌரவமாக இருக்கிறது என்று எனக்கே ஒரு பெருமை. நீங்கள் படித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தீர்கள். "என்னமோ எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

பதில்கள் வந்தன. என் ஆட்களில் பெரும்பாலோர் 'ஆம்' என்று எழுதியிருந்தார்கள். உங்கள் ஆட்களில் 'இல்லை'தான் அதிகம். டாக்டர் இரண்டு கட்டாகப் பிரித்து மேசையில் வைத்தார். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. நீங்கள் அறையிலிருந்த உங்கள் தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்து, "ஜெயிச்சுட்டீக கம்பவுண்டர்" என்றீர்கள். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பவே சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாரம் மெஷின் வந்துவிட்டது.

அது நடந்து மூன்று வாரம் இருக்கும். கொத்தமங்கலத்திலிருந்து ஒரு சமையல்காரர் வந்தார். கல்யாண வீடுகளில் ஆள் சேர்த்துச் சமைக்கிறவர், ஒற்றைப்படை டோக்கன். காதில் பீடி செருகியிருந்தது. அவர் கார்டை நான் நன்றாக நினைவு வைத்திருந்தேன், 'ஆம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

"என்னங்கய்யா, விட்டாச்சுன்னு எழுதுனீக?"

"ஆமாய்யா, விட்டீகளான்னு கேட்டிருந்தீக. விடாம என்ன செய்ய? உள்ள இழுத்தா வெளிய விட்டுத்தானே ஆகணும். மொதல்ல அடுப்புப் பொகையத்தான் கேக்குறீகளோன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில இருந்து எதுக்கு அடுப்பக் கேக்கப் போறாகன்னு எம் மகதான் சொன்னா."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க குடுத்தத மென்னா அந்த நேரத்துக்குத் தேவலாம்தான். சோத்த எறக்கிவச்சுட்டு உக்கார்றப்பத்தான் கை நிக்க மாட்டேங்குது. இங்குட்டு ஒரு டீச்சரம்மா பேசுவாகளாமே, அவுகளப் பாக்கணும். மூச்சு வாங்குதுய்யா. ஒரு அண்டாவத் தூக்க முடியல."

"டீச்சர் இப்ப வாரதில்ல" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் பள்ளத்தூரில் இருக்கிறீர்கள், ஒரு பஸ் தூரம் என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் வந்து உங்களிடம் அந்தக் கார்டைப் பற்றிப் பேசியிருப்பார். அவருக்கு இரண்டு அட்டை சூயிங்கம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனார்.

பிறகு பள்ளத்தூர் பஸ்ஸில் உங்கள் ஆள் ஒருவரைப் பார்த்தேன், கண்டக்டர். ஏன் 'இல்லை' என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். "பீடியத்தான் தொடுறதே இல்லையே, அப்புறம் எங்குட்டுப் பொகைய விடுறது? அதான் இல்லைன்னு எழுதுனேன்" என்றார். சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் ஆட்களில் உண்மையாகவே நிறுத்தினவர்களும் இருந்தார்கள், உங்கள் ஆட்களில் நிறுத்தாதவர்களும் இருந்தார்கள். யார் எந்த அர்த்தத்தில் எழுதினார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த இரண்டு கட்டும் குப்பைக்குத்தான் ஆகும். ஆனால் மெஷின் உட்கார்ந்துவிட்டது, டாக்டரும் சூயிங்கத்தைப் பற்றி மதுரையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். நானும் பார்மசிஸ்ட் என்ற போர்டுக்கு அடியிலேயே நிற்க வேண்டியிருந்தது.

நான் பள்ளத்தூருக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். கார்டு விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அடுப்புப் புகை என்ற இடத்தில் நீங்கள் சிரிக்க ஆரம்பித்து, தொண்டை அடைத்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தீர்கள். "நான் அப்பவே மூஞ்சியச் சுளிச்சேன்ல? பெரிய எழுத்தாளரு மாதிரி எழுதுனீகளே" என்றீர்கள்.

"அப்ப சூயிங்கம் தோத்துப்போச்சு" என்றேன், உங்களைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

"அது எப்படி? கேட்ட கேள்வி கோணல்னா ரெண்டுக்கும்தான் கோணல். எது ஒசத்தின்னு நமக்குத் தெரியல, அம்புட்டுத்தான்" என்றீர்கள். வெற்றி கைக்கு வந்திருந்தது, நீங்கள் தொடக்கூட இல்லை. உடனே அடுத்த கேள்வி: "அந்தச் சமையல்காரருக்கு மூச்சு வாங்குதுன்னீகளே, அவரு எந்த ஊரு? இப்பப் போனா பஸ் இருக்குமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். பஸ்ஸில் என் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள்: "தெரிஞ்சதும் ஓடி வந்தீகளே கம்பவுண்டர். வேற ஆளா இருந்தா கமுக்கமா இருந்திருப்பாக. ஒங்கள என்னமோன்னு நெனச்சிருந்தேன்."

"வர வேண்டியதுதானே டீச்சர்" என்றேன்.

கொத்தமங்கலத்தில் சமையல்காரர் தன் வீட்டுக் கொல்லையில் கரண்டிகளுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அன்னக்கே சொல்லியிருந்தா நானே பள்ளத்தூருக்கு வந்திருப்பேனேய்யா" என்றார். அது எந்த 'அன்னைக்கு' என்று நீங்கள் கேட்கவில்லை. போன வாரம் என்று நினைத்துக்கொண்டீர்கள். நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு பலகையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து, "கடைசியா எப்பக் குடிச்சீக?" என்று கேட்டீர்கள். "நீங்க தெருவுல வரயில" என்றார். "சரி, அதுக்கு முந்தி?" அப்படித்தான் ஆரம்பித்தது.

அதன் பிறகு டாக்டரிடம் நான் பேசினேன். அறை திரும்பக் கிடைக்கவில்லை. என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நடையில் இரண்டு நாற்காலி கிடைத்தது. டோக்கன் கணக்கெல்லாம் போய்விட்டது. என்னிடம் சூயிங்கம் வாங்குகிறவர்கள் நகர்ந்து உங்கள் எதிரே உட்கார்ந்தார்கள். எது ஒசத்தி என்று பிறகு யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை. சமையல்காரர் நிறுத்தினார், ஒரு கல்யாணத்தில் மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நிறுத்தினார், அந்தத் தடவை நின்றது. ஆனால் பழைய மூச்சு அவருக்குத் திரும்பவில்லை. அண்டா தூக்க ஆள் வைத்துக்கொண்டுதான் கடைசிவரை சமைத்தார். கொஞ்சம் முந்தியே நிறுத்தியிருந்தால் என்று டாக்டர் ஒருநாள் சொன்னபோது நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

நீங்கள் ஏழெட்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். இப்போது என் கடைக்கு யார் வந்து சூயிங்கம் கேட்டாலும், கடைசியாக எப்போது குடித்தீர்கள், அப்போது கையில் வேறு என்ன இருந்தது என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். சிலர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வியாபாரத்துக்கு இடைஞ்சல்தான், ஆனால் கேட்காமல் அட்டையை நீட்டக் கை வருவதில்லை.

நீங்கள் எனக்குக் கொடுத்தவற்றில் அது ஒன்று. இன்னொன்று, அன்றைக்கு பஸ்ஸில் சொன்னது. பிறகும் இரண்டு மூன்று பேரிடம் என்னைக் காட்டி, "தப்புன்னு தெரிஞ்சதும் ஓடி வந்த மனுசரு" என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன், அடக்கம் என்று நினைத்தார்கள். சமையல்காரர் என் ஜன்னலுக்கு வந்தது ஆவணி மாதம். நான் பள்ளத்தூருக்கு வந்தது மார்கழி முடிகிறபோது. நாலு மாதத்துக்கு மேல் அந்த மனிதர் பீடியும் மூச்சிரைப்புமாக அடுப்படியில் நின்றார், நான் என் போர்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே பஸ்ஸில் சொல்லியிருந்தால் நீங்கள் கொத்தமங்கலம் போய்ச் சேருகிற வரைக்கும் திட்டியிருப்பீர்கள், நானும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.